ஆறேகால் மணிச் சிரிப்பு

2007 ஏப்ரல் 4, புதன்கிழமை. காலை ஆறேகால் மணி ஆவதற்கு ஒரு நிமிடம் இருந்தபோது நியூ ஜெர்சியின் 287ஆம் நெடுஞ்சாலையில் என் பழைய கொரோலாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். வானொலியில் டான் ஐமஸ் பேசிக்கொண்டிருந்தார். முந்தைய இரவு கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ், டென்னசி அணியிடம் 59-46 என்று தோற்றிருந்தது. அதைப் பற்றி அவரும் அவருடைய தயாரிப்பாளர் பெர்னார்ட் மக்குவர்க்கும் வழக்கமான அலட்சியத்தோடு இரண்டு வார்த்தை பேசினார்கள், சிரித்தார்கள், வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சில நொடிகள் எட்டே நாளில் ஒரு பெரிய வானொலி வாழ்க்கையை முறித்துப் போட்டன. எனக்கோ அவை காதில் விழுந்தனவே தவிர மனத்தில் பதியவில்லை. வண்டிக்குள் அன்று நானும் சிரித்தேனா என்று பின்னாளில் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நினைவில்லை. சிரிக்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதே நேர்மையான விடை.

நான் அந்த நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கியது மொழி பழகுவதற்காக. எடிசனில் குடியேறிய புதிதில், அலுவலகக் கூட்டங்களில் எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாகச் சிரிப்பவனாக நான் இருந்தேன். அதைக் கவனித்த மதுரைக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், "தம்பி, டிவி பாத்தா இவங்க பேச்சு புரியாது, காலைல கார்ல பேச்சு ரேடியோவப் போடு" என்றார். 660 ஏ.எம். அலைவரிசை, டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையம், 50,000 வாட் ஆற்றல். விளையாட்டுக்கென்றே நடந்த அந்த நிலையத்தில் காலை வேளை மட்டும் விளையாட்டோடு அதிகத் தொடர்பில்லாத ஒரு கிழவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாதிச் சொற்களை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கும் குரல் அவருக்கு. தான் பேசுவதில் தனக்கே அக்கறையில்லை என்பதுபோன்ற ஒரு சலிப்பு. தொலைக்காட்சியில் பார்த்தால் தலையில் கௌபாய் தொப்பி, அதன் கீழே கலைந்த நரைமுடி. ஒரு செனட்டரிடம் ஈராக் போரைப் பற்றிக் கூர்மையாகக் கேள்வி கேட்பார். அவர் இணைப்பைத் துண்டித்த மறுகணமே அந்த செனட்டரின் மூக்கைப் பற்றிப் பேசுவார். ஆறு மாதத்தில் எனக்குச் சிரிப்பு நேரத்துக்கு வரத் தொடங்கியது.

அமெரிக்க வானொலித் தொழிலில் காலை நேரம்தான் கொழுத்த நேரம். வேலைக்குப் போகிறவன் காரில் தனியாக இருக்கிறான், கைகள் சக்கரத்தில், கண்கள் சாலையில், காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு நிலையங்கள் எதையும் கொடுக்கும், எதையும் பொறுத்துக்கொள்ளும். ஐமஸின் வாழ்க்கை முழுவதுமே இந்தப் பொறுமையின் கதைதான்.

1940இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் பிறந்து, அரிசோனாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் அவர். கடற்படைக் காலாட்படையில் எக்காளம் ஊதியிருக்கிறார். சுரங்கத்தில் வேலை பார்த்திருக்கிறார். ரயில் பெட்டிகளில் பிரேக் போடும் தொழிலாளியாக இருந்திருக்கிறார். 28 வயதில்தான், 1968இல், பாம்டேல் என்ற சிற்றூர் நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். அடுத்த வேலையிலிருந்து துரத்தப்பட்டு, சாக்ரமெண்டோவுக்குப் போனபோது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு தொலைபேசிக் குறும்பு. ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்கு ஒலிபரப்பிலிருந்தே தொலைபேசி செய்து, படையினருக்கு வேண்டும் என்பதுபோலப் பேசி, 1,200 ஹாம்பர்கர் கட்டித் தரச் சொன்னார். மறுமுனையில் இருந்த கடைப் பணியாளர் தவித்த தவிப்புதான் வேடிக்கை. அந்தப் பெயரிலேயே 1972இல் ஓர் இசைத்தட்டும் வந்தது. இந்தக் குறும்பை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நேயருக்குத் தெரியும், ஐமஸுக்குத் தெரியும். வேடிக்கைப் பொருளாக இருப்பவருக்கு மட்டும் தான் ஒரு விளையாட்டுக்குள் இருப்பது தெரியாது. பிற்காலத்தில் அவர் எவ்வளவோ உயரத்துக்குப் போனார், ஆனால் இந்த அமைப்பு மாறவேயில்லை.

கிளீவ்லாந்தில் சிறிது காலம் இருந்துவிட்டு 1971 டிசம்பரில் நியூயார்க்கின் டபிள்யூ.என்.பி.சி. நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். பில்லி சோல் ஹார்கிஸ் என்ற போலிப் போதகர் வேடத்தில், பக்தியை மலிவு விலையில் விற்கும் சபை ஒன்றின் சார்பில் அவர் செய்த பிரசங்கங்கள் நகரம் முழுவதும் பேசப்பட்டன. அவை நல்ல நகைச்சுவை என்றே இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே அடி வாங்கியது வலுத்தவனின் பாசாங்கு. ஆனால் மதுவும் கோக்கெய்னும் அவரைத் தின்றுகொண்டிருந்தன. வேலைக்கு வராத நாட்கள் பெருகின. 1977இல் வெளியே அனுப்பினார்கள். கிளீவ்லாந்துக்கே திரும்பிப் போய், 1979இல் மறுபடியும் அதே நியூயார்க் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். எண்பதுகளின் முற்பாதியில் அதே நிலையத்தின் பிற்பகலில் ஹவர்ட் ஸ்டெர்ன் என்ற இளைஞர் இன்னும் துணிந்த ஆபாசத்தோடு பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் கடைசிவரை ஆகவில்லை. 1987இல் ஃபுளோரிடாவில் ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்ந்த பிறகு ஐமஸ் குடியை விட்டார். அதற்கடுத்த ஆண்டு நிலையமே கைமாறி, 660 அலைவரிசை டபிள்யூ.எஃப்.ஏ.என். ஆனபோது, பழைய ஆட்களில் காலை நேரத்துக்காக அவரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். விளையாட்டு நிலையத்துக்கு விளம்பரம் கொண்டுவரும் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது.

தெளிந்த ஐமஸ் அரசியலின் பக்கம் திரும்பினார். 1992 ஏப்ரல் தொடக்கத்தில், கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூயார்க் முதனிலைத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், நெருக்கடியில் இருந்த பில் கிளிண்டன் இந்த நிகழ்ச்சிக்கு வந்தார். ஐமஸ் அவரைப் 'பபா' என்று தெற்கத்திப் பட்டிக்காட்டானைச் சுட்டும் பெயரால்தான் அதுவரை கேலி செய்துவந்தார். 'பபா என்றால் எங்கள் ஊரில் மென்ஷ் என்று பொருள்' என்றார் கிளிண்டன். மென்ஷ் என்பது நல்ல மனிதனைக் குறிக்கும் யித்திஷ் சொல். நியூயார்க்கின் யூத வாக்காளருக்கு அது ஒரே நேரத்தில் நகைச்சுவையும் வணக்கமும். அந்தப் பதில் எடுபட்டது, கிளிண்டன் வென்றார், அரசியல்வாதிகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: இந்த மனிதனிடம் வந்து இரண்டு குட்டு வாங்கிக்கொண்டால் மனிதர்களோடு மனிதராகத் தெரியலாம். 1993இல் நிகழ்ச்சி நாடு முழுவதும் பல நிலையங்களில் ஒலிக்கத் தொடங்கியது. 1996 செப்டம்பரில் எம்.எஸ்.என்.பி.சி. என்ற செய்தி அலைவரிசை அதை அப்படியே தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. செனட்டர்கள் ஜான் மெக்கெய்ன், ஜோ லீபர்மன், ஜான் கெர்ரி, தொலைக்காட்சிச் செய்தியாளர் டிம் ரஸர்ட், வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வின் என்று வந்து போனவர்களின் பட்டியல் நீளமானது. அவர் விரும்பிப் பேசினால் ஒரு புத்தகம் விற்கும் என்பது பதிப்பகங்கள் அறிந்த செய்தி. அதே ஆண்டு மார்ச் 21 அன்று வாஷிங்டனில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் விருந்தில், கிளிண்டன் தம்பதியர் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குடியரசுத் தலைவரின் பெண் சபலத்தைக் குறிப்பாகக் காட்டிப் பேசினார் ஐமஸ். அவையில் பாதிப்பேர் நெளிந்தார்கள். மறு ஒளிபரப்பு வேண்டாமென்று வெள்ளை மாளிகை கேட்டுப் பார்த்தது. மறு ஆண்டே டைம் இதழ் அமெரிக்காவில் மிகுந்த செல்வாக்குள்ள 25 பேரில் அவரையும் சேர்த்தது.

நம் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு உண்டு. ஐமஸின் நிகழ்ச்சியும் அப்படிப்பட்ட வீடு. முன்கட்டில் செனட்டர்கள், நூலாசிரியர்கள், குழந்தைகள் நலனுக்கான நிதி திரட்டல், நாட்டுப்புற இசை. பின்கட்டில் மக்குவர்க்கும் மற்றவர்களும் கறுப்பர், பெண்கள், யூதர், தன்பாலினர் என்று யாரையும் விடாமல் செய்த பேச்சு. இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. முன்கட்டுக்கு வந்தவர்கள் பின்கட்டின் சத்தத்தைக் கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. காத்திருக்கும் இணைப்பில் அது அவர்கள் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்ததாலேயே பின்கட்டுப் பேச்சுக்கு ஒரு தகுதி கிடைத்தது. என்னைப் போன்ற நேயனின் நிலை இன்னும் விசித்திரமானது. பழுப்புத் தோலோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும் நான், அந்தப் பின்கட்டில் எனக்கும் ஒரு மணை போட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். இந்திய உச்சரிப்பை யாராவது நையாண்டி செய்தால் அதையும் ரசித்தேன். கேலியைத் தாங்கிக்கொள்வதுதான் அந்த வீட்டுக்குள் நுழைவதற்கான கட்டணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டணம் கட்ட மறுத்தவர்களும் இருந்தார்கள். நியூயார்க் டைம்ஸுக்காக வெள்ளை மாளிகையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த கறுப்பினச் செய்தியாளர் க்வென் ஐஃபில் பற்றி, 'துப்புரவுப் பெண்ணை வெள்ளை மாளிகைச் செய்திக்கு அனுப்புகிறார்களே, டைம்ஸ் எவ்வளவு அருமையான பத்திரிகை' என்ற பொருளில் 1993இல் ஐமஸ் பேசினார். சிகாகோ டிரிபியூன் பத்தி எழுத்தாளர் கிளாரன்ஸ் பேஜ் 2000ஆம் ஆண்டில் நிகழ்ச்சிக்கே வந்து, கறுப்பின ஆட்டக்காரர்களைக் குரங்கோடு ஒப்பிடுவது போன்றவற்றை இனிச் செய்வதில்லை என்று ஐமஸை ஒலிபரப்பிலேயே உறுதிமொழி எடுக்க வைத்தார். ஐமஸ் எடுத்தார். நிகழ்ச்சி பழையபடியே நடந்தது. பேஜுக்கு மட்டும் அதன்பின் அழைப்பு வரவில்லை.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ரட்கர்ஸ் பெண்கள் முரட்டுத்தனமாகத் தோன்றுகிறார்கள், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறார்கள் என்று ஐமஸ் தொடங்கினார். மக்குவர்க் பரத்தையரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி ஐமஸ் அதன் முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்தார். ஆப்பிரிக்க வழிவந்தோரின் இறுகிச் சுருண்ட தலைமுடியை இழிக்கும் சொல் அது. அடிமைக் காலத்திலிருந்து வந்த வசை. தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. 'பரட்டை' என்பது பக்கத்தில் வரும்; ஆனால் நம் பரட்டையில் எண்ணெய் வைத்தால் தீர்ந்துவிடும் குறைதான் இருக்கிறது, அந்தச் சொல்லில் பிறப்பையே குறையாக்கும் நஞ்சு இருக்கிறது. அந்த அணியின் பத்துப் பேரில் எட்டுப் பேர் கறுப்பினப் பெண்கள். ஐந்து பேர் கல்லூரிக்கு வந்து ஓராண்டுகூட முடியாதவர்கள்.

அவர்கள் அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்த விதத்தை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், பக்கத்து ஊரில் இருந்துகொண்டே. பயிற்சியாளர் சி. விவியன் ஸ்டிரிங்கர் மூன்று வெவ்வேறு கல்லூரிகளை இறுதி நால்வர் சுற்றுக்குக் கொண்டுபோனவர். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அணி மோசமாக ஆடியது. டியூக் அணி ரட்கர்ஸின் சொந்த அரங்கத்திலேயே 85-45 என்று நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அவர்களை நசுக்கியது. மார்ச்சில் அதே டியூக், நாட்டின் முதலிடத்தில் இருந்தபோது, 53-52 என்று ஒரே புள்ளியில் ரட்கர்ஸிடம் தோற்று வெளியேறியது. இப்படி ஏறி வந்தவர்கள் தோற்றுப்போன மறுநாள் காலையில்தான் அந்த வசை.

ஊடகங்களைக் கண்காணிக்கும் ஓர் அமைப்பு அந்தப் பகுதியை அன்றே இணையத்தில் போட்டது. இது புதிய காலம் என்பதை ஐமஸ் உணரவில்லை. 1993இல் சொன்னது காற்றோடு போனது, 2007இல் சொன்னது அப்படியே நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. ஏப்ரல் 6 அன்று மன்னிப்புக் கேட்டார். 9ஆம் தேதி கறுப்பின உரிமைப் போராளி அல் ஷார்ப்டனின் வானொலி நிகழ்ச்சிக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றே இரண்டு வார இடைநீக்கம் அறிவிக்கப்பட்டது. அத்தோடு போயிருக்கலாம். மறுநாள் ரட்கர்ஸ் அணி பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தது. ஸ்டிரிங்கர் ஒவ்வொருவரின் பெயரையும் படிப்பையும் திறமையையும் சொல்லி அறிமுகம் செய்தார். அணித்தலைவி எசன்ஸ் கார்சன், தங்களுக்குக் கிடைத்த தூய்மையான ஒரு தருணம் களவாடப்பட்டது என்று அமைதியாகச் சொன்னார். நான் அதை அலுவலகத்தின் சிற்றுண்டி அறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுவந்த நிகழ்ச்சியின் வேடிக்கைப் பொருட்களுக்கு முகம் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதே நாளில் ஐஃபிலும் நியூயார்க் டைம்ஸில் தன் பழைய கதையை எழுதினார்.

ஐமஸை வெளியேற்றியது சட்டம் அல்ல. ஒலிபரப்பு ஆணையத்தின் விதிகள் ஆபாசத்தைத்தான் தண்டிக்கும். இழிவுபடுத்துவதைத் தண்டிக்க விதி இல்லை. ப்ராக்டர் அண்ட் கேம்பிள், ஸ்டேப்பிள்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்று விளம்பரதாரர்கள் வரிசையாகக் கழன்றார்கள். ஏப்ரல் 11 அன்று எம்.எஸ்.என்.பி.சி. கைவிட்டது, 12 அன்று வானொலி நிலையத்தின் உரிமையாளரான சி.பி.எஸ். வேலையை விட்டே நீக்கியது. குழந்தைகளுக்கான ஆண்டு நிதி திரட்டல் ஒலிபரப்பை அவர் நடத்திக்கொண்டிருந்த நாள் அது. மறுநாள் பாதியை அவர் மனைவி டெய்ட்ராவும், நெடுங்காலக் கூட்டாளி சார்ல்ஸ் மக்கார்டும் நடத்தி முடித்தார்கள். பிறகு வெளிவந்த செய்தியொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் என்ற அவருடைய ஒப்பந்தத்திலேயே, மரியாதையில்லாமலும் சர்ச்சைக்குரிய வகையிலும் பேசுவது அவருடைய தனித்தன்மை, அதற்காகத்தான் அவரை அமர்த்துகிறோம் என்று எழுதியிருந்ததாம். ஒலிபரப்பைச் சில நொடி தாமதித்து, தகாத சொல்லை வெட்டும் பொத்தானும் நிலையத்தில் இருந்தது. யாரும் அழுத்தவில்லை என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். ஆகஸ்டில் நிறுவனம் அவரோடு சமரசமாகிப் பணம் கொடுத்தது. கூலிக்கு மாரடிக்க ஆள் வைத்தவன், ஒப்பாரி அதிகமாகிவிட்டது என்று கோபித்துக்கொண்ட கதை.

நீக்கப்பட்ட அன்றிரவு ஐமஸ் பிரின்ஸ்டனில் உள்ள ஆளுநர் மாளிகையில் அந்தப் பெண்களை நேரில் சந்தித்தார். சந்திப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ ஜெர்சி ஆளுநர் ஜான் கார்சைன் வந்து சேரவில்லை. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் மணிக்கு 91 மைல் வேகத்தில் போன அவருடைய வண்டி விபத்துக்குள்ளாகி, இருக்கைப் பட்டி அணியாத அவர் தொடையெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். வானொலிக்காரர் ஒருவர் உதிர்த்த சில சொற்கள் எங்கெங்கோ போய் முட்டிய வாரம் அது. ஆளுநர் இல்லாமலே பேச்சு நடந்தது. மறுநாள் அணி மன்னிப்பை ஏற்றுக்கொண்டது.

காலியான இடங்கள் உடனே நிரம்பின. எம்.எஸ்.என்.பி.சி.யின் காலை நேரத்தில் ஜோ ஸ்கார்பரோ வந்து உட்கார்ந்தார்; 660இல் செப்டம்பர் முதல் வேறு இருவர் விளையாட்டே பேசினார்கள். ஐமஸும் திரும்பி வந்தார். 2007 டிசம்பர் 3 அன்று, 770 அலைவரிசையில் டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்துக்காக, மன்ஹாட்டனின் டவுன் ஹால் அரங்கத்தில் பார்வையாளர் முன் முதல் நிகழ்ச்சி. மெக்கெய்ன் வந்தார், குட்வின் வந்தார். அந்தப் பெண்கள் தன்னை மன்னித்ததற்காக வருந்தும்படி இனி எதுவும் பேசமாட்டேன் என்றார் ஐமஸ். கறுப்பின நகைச்சுவையாளர்கள் இருவர் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். மக்குவர்க்கும் அதே இடத்தில் இருந்தார். நான் இரண்டு வாரம் கேட்டேன். குரல் அதுவேதான், எனக்குத்தான் பழையபடி காது அமையவில்லை. பின்கட்டிலிருந்து சிரிப்பு எழும்போதெல்லாம் யாரைப் பற்றி என்று தேடத் தொடங்கிவிட்டேன். அப்படித் தேடுகிறவனுக்கு அந்த வகை நகைச்சுவை உதவாது. அதன்பின் அவர் 2009 முதல் ஃபாக்ஸ் பிசினஸ் தொலைக்காட்சியில் தெரிந்தார். அதே ஆண்டு புற்றுநோய் என்று அறிவித்தார். 2018 மார்ச் 29 அன்று கடைசியாகப் பேசினார். 2019 டிசம்பர் 27 அன்று டெக்சஸில் தமது 79ஆம் வயதில் இறந்தார். இவையெல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வந்தன.

அவர் திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு பிஸ்கடவே அரங்கத்தில் ரட்கர்ஸ் பெண்கள் ஆடுவதைப் பார்க்கப் போனேன். நாள்தோறும் அதன் அருகாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஒருமுறையும் உள்ளே போனதில்லை. கோட்டுக்கு வெளியே ஸ்டிரிங்கர் கைகட்டி நின்றிருந்தார். கார்சன் எதிரணிக்காரியை விடாமல் ஒட்டி நின்று பந்தைத் தட்டிப் பறித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. மகளுக்கு ஆட்டம் அவ்வளவு புரியவில்லை. ஒரு பெண்ணின் தலையில் வரிவரியாக உச்சந்தலையை ஒட்டிப் பின்னியிருந்த சடைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், தனக்கும் அப்படிப் பின்னிவிட முடியுமா என்று வரும் வழியெல்லாம் கேட்டாள்.

மறுநாள் காலையில் என் மனைவி அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு முயன்று பார்த்தாள். நம் வழுக்குமுடியில் அந்தப் பின்னல் நிற்கவேயில்லை. "அசையாம இரு, பரட்டை" என்றாள், தினமும் சொல்வதுபோலவே. மகள் சிரித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.